ஒன்பதரை கிலோ

கப்பலூர் தொழிற்பேட்டை, மூன்றாவது குறுக்குத் தெரு.
அங்கே ஒரு நூல் ஆலைக்கு
வருடம் ஒருமுறை போகிறவன் நான்.
பதினாலு சிவப்பு உருளை, பதினாலு ஸ்டிக்கர்.
பழைய தேதியைத் தின்னர் தொட்டுத் துடைப்பேன்,
புதுத் தேதி ஒட்டுவேன்,
அடியில் கையெழுத்து: சா. தவமணி, வில்லாபுரம்.

பவுடர் மாற்றினால் உருளைக்கு அறுநூற்றைம்பது.
ஸ்டிக்கர் மட்டும் என்றால் எண்பது.
"முள்ளு பச்சையில நிக்கணும், அம்புட்டுத்தேன்"
என்பார் மேனேஜர்.
காற்றடித்தால் நிற்கும்.
பைக் டயருக்கு அடிக்கிற அதே காற்று.
வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார்.

உள்ளே பஞ்சு பறக்கிறது.
டியூப்லைட் மேல், மோட்டார் மேல், பெண்களின் புருவத்தில்
பாகுபாடில்லாமல் இறங்குகிறது.
பின்கதவில் பூட்டு. கோன் திருட்டுப் போகிறதாம்.
சாவி மேனேஜர் டிராயரில்,
டிராயர் சாவி மேனேஜர் பையில்,
மேனேஜர் திருமங்கலத்தில், மதியச் சாப்பாட்டுக்கு.

பூட்டுக்கு மேலே சட்டச் சுருக்கம், கண்ணாடி போட்டு.
எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டச் சொல்லியிருக்கிறார்கள்.
மாட்டியிருக்கிறார்கள்.
எழுத்து எறும்பு அளவு, உயரம் பல்லி அளவு.

எட்டாவது உருளையைத் துடைக்கும்போது
ஒச்சம்மா வந்து நின்றாள்.
செக்கானூரணி பஸ்ஸில் வருகிறவள்,
கோன் எடை போடுகிற வேலை.
"இத எப்டிண்ணே பிடிக்கணும்?"
வாய்க்குப் பழகிய பாடத்தைச் சொன்னேன்:
பின்னைப் பிடுங்கு, தீயின் அடியைப் பார்த்து அடி,
வெளிவாசல் உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.
"எந்த வாசல்ணே?"
நான் பூட்டைப் பார்க்கவில்லை.
"ஒருக்கா அடிச்சுக் காட்டுங்க."
"பவுடர் வீணாப் போயிரும்மா."

அவள் உருளையைத் தூக்கினாள், இடக்கையால்.
ஒரு நொடி அப்படியே நிறுத்தினாள்.
"மேல ஒம்பதரைன்னு போட்டுருக்கு."

கையே தராசு. இருந்தும் தராசில் வைத்தாள்.
எண்கள் ஆடி ஆடி நின்றன:
மூன்று கிலோ எழுநூற்று நாற்பது.
நான் ஸ்டிக்கர் ரோலைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
சுருட்டி முடிந்த பிறகும் சுருட்டினேன்.

சோற்று இடைவேளை அரைமணி.
பதினாலையும் எடை போட்டுவிட்டார்கள்.
தூக்கிக் கொடுத்த பெண் பீகார்க்காரி,
எங்கள் பேச்சில் எண்கள் மட்டும் அவளுக்குத் தெரியும்.
அது போதுமாக இருந்தது.
ஐந்தில் வெறும் காற்று.
போன வருடம் புளோரூமில் பஞ்சு பற்றியபோது
அடித்துத் தீர்த்த ஐந்து.
அன்றைக்குத் தீ அணைந்தது.
மறுநாள் காற்றடைத்து மாட்டியவன் நான்.

ஒச்சம்மா ஸ்டூல் போட்டு ஏறி
சட்டத்தைக் கண்ணாடியோடு இறக்கினாள்.
முந்தானையால் பஞ்சைத் துடைத்து
விரல் வைத்து வாசித்தாள், எழுத்துக்கூட்டி.
வெளியேறும் வழி. வேலை நேரம் முழுதும். பூட்டாமல்.
ஆலை நடத்துகிறவர் கடமை.
கடமையில் விரல் நின்றது.
"நாங்க கெஞ்சணும்னு எங்கனயும் போடலியேண்ணே."

ஷிப்ட் சீட்டின் பின்பக்கம், ஐயா என்று தொடங்கி,
பதினாலு எடை எழுதினாள்.
பூட்டுக்கு ஒரு வரி.
சாவி யார் பையில் என்று ஒரு வரி.
கீழே ஒன்பது கையெழுத்து, இரண்டு ரேகை.
"வியாழக்கிழமை வாரவரு கையில நானே குடுப்பேன்."

நடுவில் அவள் பேனா தீர்ந்து என்னுடையதைக் கேட்டிருந்தாள்.
ஸ்டிக்கரில் தேதி எழுதுகிற பேனா.
அழியாத மை என்று விற்றார்கள்,
தின்னர் பட்டால் போய்விடும்.
அதைத் திருப்பித் தரவில்லை.
சீட்டின் அடியில் விட்டிருந்த இடத்தில் வைத்து
சீட்டோடு என் பக்கம் தள்ளினாள்.

மிஷின் சத்தம் மறுபடி தொடங்கியது.
வாசலில் மேனேஜர் கார் ஹாரன் அடித்தபோது
நான் "தவ" வரை எழுதியிருந்தேன்.
அதோடு விட்டால்
அது யார் பெயரும் இல்லை.